கதாநாயகிக்கு ரயிலுக்கு நேரமாச்சு

என் கணவருக்குக் காது கேட்குமா கேட்காதா என்பது கல்யாணமாகி ரொம்ப வருஷம் வரை எனக்குத் தெரியாது. சிரிக்க வேண்டாம். சிமெண்ட் பேக்டரியில் மில் செக்‌ஷனில் வேலை பார்க்கிறவரைக் கட்டிக்கொண்ட எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். அந்த மில் இரும்புக் குண்டுகளை வயிற்றில் போட்டுக்கொண்டு இரவும் பகலும் சுற்றும். பக்கத்தில் நின்று பேசினால் உதடு அசைவது மட்டும்தான் தெரியும். ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது நான் ஏதாவது சொன்னால், "காது அடைச்சுக் கெடக்கு" என்பார். அதோடு சரி. அடைப்பு எப்போது திறக்கும் என்று நானும் காத்திருந்தேன். அடுத்த ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிடும்.

ஆதாரங்கள் இரண்டு பக்கமும் இருந்தன. சமையலறையில் எவர்சில்வர் தவலை கீழே விழுந்து உருண்டு ஓடும். ஹாலில் பேப்பர் படிக்கிறவர் தலையைத் திருப்ப மாட்டார். ஆனால் அதே மனுஷன் அசந்து தூங்கும்போது சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "மில் நின்னுடுச்சு" என்பார். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுப்பார். நிஜமாகவே நின்றிருக்கும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"அது காதுல கேக்கறது இல்லம்மா. தரை அதிர்றது நிக்குதுல்ல, அதுல முழிப்பு வந்துடும். எங்க வூட்லயும் அப்படித்தான்" என்றாள். அவள் வீட்டுக்காரருக்குச் சுத்தமாகக் கேட்காது. அவரிடம் கத்திக் கத்திப் பழகியதால் என்னிடமும் கத்துவாள். எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று காலனி முழுக்கத் தெரிந்துவிடும்.

நானும் கேட்காது என்றே வைத்துக்கொண்டேன். அது ஒருவிதத்தில் வசதி. கேட்காத மனுஷனிடம் கோபித்துக்கொள்ள முடியாதல்லவா? பேச மட்டும் முடியும். பேசினேன். அவர் முதுகைப் பார்த்து, பேப்பரைப் பார்த்து, தட்டில் குனிந்திருக்கும் தலையைப் பார்த்துப் பேசினேன். கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் சிமெண்ட் தூசியில் மொறமொறவென்று ஆகிவிடுவதைப் பற்றி. பாண்டிச்சேரியில் எங்கள் தெருமுனையில் திரும்பினால் கடல் தெரியும், இங்கே எங்கே திரும்பினாலும் சுரங்கப் பள்ளம்தான் தெரிகிறது என்பதைப் பற்றி. குழந்தை தங்காமல் போன வருஷம், ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் குழந்தையைப் பார்த்து எனக்கு வந்த பொறாமையைப் பற்றி. பெற்ற தாயிடம்கூடச் சொல்ல முடியாததையெல்லாம் அவர் முதுகிடம் சொன்னேன். ஒருமுறை, "நான் உங்களை விட்டுட்டுப் போயிடலாம்னு நெனைக்கிறேன்" என்றுகூடச் சொன்னேன். அவர் பனியனை உதறி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

பேக்டரியின் பெயர் வேண்டாம். அரியலூரைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. நாங்கள் அங்கே குடிவந்தது தொண்ணூறுகளின் நடுவில். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு எம்.ஏ. படித்தவள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அரியலூரில் என்ன செய்வது? கத்தரிக்காய்க்காரியிடம் பேரம் பேசலாமா? காலனிப் பெண்கள் முதலில் கொஞ்ச நாள், "எங்க, ஒண்ணு பேசிக் காட்டுங்க" என்றார்கள். பேசிக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அதுவும் அலுத்துவிட்டது.

படித்ததில் ஒரு நாடகம் மட்டும் என்னை விடவே இல்லை. மிகப் பழைய நாடகமும் இல்லை, பெரிய காவியமும் இல்லை. பாரீஸில் ஜனங்கள் குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வந்த கேலி நாடகம். சொந்தக்காரர்களின் தொணதொணப்பு தாங்காத ஒரு வியாபாரி, ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தனக்குக் காது போய்விட்டதாக நடிக்கிறான். அவ்வளவுதான், அவன் முன்னாலேயே எல்லோரும் அவனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். மச்சான், மருமகன், கணக்குப்பிள்ளை, எல்லாருடைய வண்டவாளமும் தண்டவாளம் ஏறுகிறது. இரண்டரை மணி நேரச் சிரிப்பு.

கடைசிக் காட்சியில் மட்டும் சிரிப்பு இல்லை. எல்லோரும் போன பிறகு மனைவி அவன் எதிரே உட்காருகிறாள். அவன் நடிக்கிறான் என்பது முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். திட்டவில்லை. அவனுக்குக் காது இருந்தபோது சொல்ல முடியாமல் போன சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்கிறாள். தன் அம்மா செத்த அன்றைக்கு ஏதோ ஒன்றுக்குச் சிரித்துவிட்டது. அவன் வெளியூர் போகமாட்டானா என்று ஏங்குவது, போன அன்றைக்கே வரமாட்டானா என்று ஏங்குவது. நிறையப் பேசிவிட்டுக் கடைசியில் எழுந்து, "சூப் ஆறுது, சாப்பிட வரீங்களா?" என்று கேட்கிறாள். அடுத்த வரி: திரை. அவன் எழுந்தானா, உட்கார்ந்தே இருந்தானா என்று புத்தகத்தில் இல்லை. எழுந்தால் அத்தனையையும் கேட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

அந்த நாடகத்தின் மேடைச் சரித்திரம் முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது என்று வகுப்பில் சொல்வார்கள். ஒரு நடிகர் எழுந்து போய் மேஜையில் உட்கார்ந்தார், ஜனங்கள் கைதட்டினார்கள். இன்னொருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார், மனைவி தனியாகச் சூப் குடித்தாள், ஜனங்கள் எழுந்து போகவே மனசில்லாமல் இருந்தார்கள். லண்டனுக்குப் போனபோது அங்கே அவனை எழுப்பி நிற்கவைத்து, மனைவிக்கு முத்தமும் கொடுக்க வைத்துவிட்டார்கள். பரீட்சைக்கு இதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எழுந்தால் என்ன, எழாவிட்டால் என்ன என்றுதான் இருந்தது.

குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் ஆயுத பூஜைக்கு ரிக்ரியேஷன் கிளப்பில் பேக்டரி ஆட்களே போடுகிற நாடகம் என்றார்கள். அன்றைக்கு ஒருநாள்தான் குடும்பங்களை பேக்டரிக்குள் விடுவார்கள். மில்லை நிறுத்தி, வாழைமரம் கட்டி, சந்தனம் தெளித்து, பூசணிக்காய் உடைப்பார்கள். பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளப் ஹாலுக்குப் போவோம். மில் நின்றிருக்கிற சாயங்காலம் என்பதால் காலனியே புது ஊர் மாதிரி இருக்கும். காக்கா கத்துவதெல்லாம் கேட்கும்.

திரை விலகியதும் ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் ஈஸிசேரில் படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் டைபாய்டு வந்தது, காது போனது. மச்சினன் வந்தான். இரண்டாவது காட்சியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் நாடகம்! பாரீஸ் வியாபாரி அரியலூரில் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! இதைத் தமிழாக்கிய மெட்ராஸ் சபாக்காரர்கள் வழக்கம்போலச் செவிட்டு ஜோக்குகளைத் திணித்திருந்தார்கள், ஹாலே குலுங்கியது. மில் ஆட்களுக்கு அதைவிடச் சொந்தமான ஜோக் வேறு என்ன? நான் மட்டும் சிரிக்காமல், கடைசிக் காட்சி எப்போது வரும் என்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

வரவில்லை. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்திலேயே மனைவியாக நடித்தவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, "நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். அப்புறம் அவள் வரவே இல்லை. மச்சினனைத் துரத்தினார்கள், எல்லோரும் கைகோத்து ஒரு பாட்டுப் பாடினார்கள், சுபம்.

"அந்தப் பொம்பளை என்ன ஆனா?" என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன்.

"திருச்சி வண்டியப் புடிக்கப் போயிருப்பா" என்றாள்.

அப்போதுதான் அந்த ஏற்பாடு எனக்குப் புரிந்தது. ஸ்டாப் வீட்டுப் பெண்கள் மேடையேறக் கூடாது என்பது எழுதாத சட்டம். அதனால் கதாநாயகியைத் திருச்சியிலிருந்து கூலிக்கு அழைத்து வருவார்கள். மதியம் வந்து ஒரு ஒத்திகை பார்ப்பாள், சாயங்காலம் நடிப்பாள், ராத்திரி வண்டியைப் பிடித்து ஊர் போய்ச் சேர வேண்டும். ஆகவே எந்த நாடகமானாலும் கதாநாயகி வருகிற காட்சிகளையெல்லாம் முன்னால் தள்ளிவிடுவார்கள். புராண நாடகம் என்றால் சீதை சீக்கிரமாகவே பூமிக்குள் போய்விடுவாள். சமூக நாடகம் என்றால் செத்துப்போவாள், அல்லது அம்மா வீட்டுக்குப் போவாள். ஜனங்கள் அதைக் கதை என்றே நினைத்துக்கொண்டார்கள்.

இதில் என் கணவருக்கும் ஒரு பங்கு உண்டு. கதாநாயகியை ஸ்கூட்டரில் ஏற்றி ஸ்டேஷனில் விடுவது வருஷா வருஷம் அவர் பொறுப்பு. பேசாத மனுஷன், மரியாதையாகக் கொண்டுபோய் விடுவார் என்று கமிட்டியில் நம்பிக்கை. ஆகவே அவர் எந்த நாடகத்தின் முடிவையும் பார்த்ததில்லை.

டைரக்டர் என்று எல்லோரும் அழைத்தவர் ஸ்டோர் கீப்பர். நல்ல மனுஷன், நாடகப் பைத்தியம். அவரிடம் ஒருநாள், இது பிரெஞ்சு நாடகம் தெரியுமா என்றேன். அவர் நம்பவில்லை. "மேடம், இது சுத்தமான மயிலாப்பூர் நாடகம். நானே சபாவுல பாத்திருக்கேன்" என்றார். சபாவில் கடைசிக் காட்சி இருந்ததாம். மனைவி நாலு வரி பேசி அழுவாளாம், தாசில்தார் ஒரு ஜோக் அடித்துக்கொண்டு எழுந்திருப்பாராம். பிரதி திருச்சியில் ஒரு தொழிற்சாலை நாடகக் குழுவுக்கு வந்தபோது அங்கே கதாநாயகிக்குக் கடைசி பஸ் பிரச்சினை. அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள். வெட்டிய பிரதியின் ஜெராக்ஸ்தான் அரியலூருக்கு வந்தது. பாரீஸில் முழுசாக உட்கார்ந்து பேசியவள், லண்டனில் முத்தம் வாங்கிக்கொண்டு, மெட்ராஸில் நாலு வரி அழுது, திருச்சியில் பஸ் ஏறிவிட்டாள். எங்களிடம் வந்தது அவள் பை மட்டும்தான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து அதையும் என் கணவர் முதுகிடம்தான் சொன்னேன்.

அதற்குச் சில வருஷம் கழித்துப் பெரம்பலூரில் ஒரு ரெசிடென்ஷியல் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று எல்லோரும் கண்டுபிடித்திருந்த காலம். தினம் காலையில் அரியலூரிலிருந்து பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தால் சோளக்காடும் பருத்திக்காடும் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கேள்விக்குப் பதில் மனப்பாடமாக எழுதுவார்கள். ஒருத்தரும் பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பேசுவதற்கு மார்க் இல்லையே. வகுப்பில் நான் பிரெஞ்சில் கேட்டால் ஆங்கிலத்தில் சிரிப்பார்கள். வீட்டில் தமிழில் பேசியும் பதில் இல்லை, இங்கே பிரெஞ்சில் பேசியும் பதில் இல்லை. சம்பளம் மட்டும் ஒழுங்காக வந்தது.

ஒரு பெற்றோர் கூட்டத்தன்று லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பையனின் வாப்பா வந்தார். ரொம்ப வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அத்தர் வாசனையும் நல்ல சிரிப்பும். மகன் மார்க்கைக் கேட்டுவிட்டு, வகுப்பில் அந்த வாரம் நான் ஒட்டியிருந்த அந்தப் பிரெஞ்சு நாடகத்தின் படத்தைப் பார்த்து, இது என்ன கதை டீச்சர் என்று விசாரித்தார். சொன்னேன். பாதியிலேயே குறுக்கிட்டார்.

"அல்லாவே! இதை நாங்க போட்டிருக்கோமே டீச்சர். எங்க கேம்புல, பெருநாள் லீவுல. திருச்சிக்காரரு ஒருத்தர் எங்களோட ஃபிட்டரா இருந்தாரு, அவருதான் சொல்லிக்கொடுத்தாரு. நான்தான் அந்தச் செவிட்டு ஆளு!"

"பொண்டாட்டியா யார் நடிச்சது?"

"அங்க ஏது டீச்சர் பொம்பளை? ஆம்பளைக்குச் சேலை கட்டி விடறதும் எங்களுக்குச் சரிப்படலை. அதனால பொண்டாட்டிய ஊர்லயே விட்டுட்டோம். இவன் துபாய்ல இருக்கான், அவ போன்ல பேசறா. ஊர்லேருந்து போன் வந்தா, கேக்கலை கேக்கலை, லைன் சரியில்லைன்னு வச்சிடுவான். எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சு உருண்டாங்க. எல்லாரும் செய்யறதுதானே!"

"கடைசில?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "கடைசில அவ பேசறா. நான் ரிசீவரைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கறேன். அவ என்ன பேசறான்னு சபைக்குக் கேக்காது. நான் மட்டும் கேட்டுக்கிட்டே நிக்கணும், பதில் சொல்லக் கூடாது. திருச்சிக்காரரு சொன்னாரு, உனக்கு வேணுங்கற வரைக்கும் நில்லுன்னு. நான் எம்பொண்டாட்டிய நெனச்சேன் டீச்சர். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை. ஒரு சத்தம் இல்லை. அப்புறம் பாத்தா அத்தனை ஆம்பளையும் அழுதுக்கிட்டு உக்காந்திருக்கான்."

பெரம்பலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நானும் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாத அந்த மனிதர்கள், அத்தனை வெட்டுக்குப் பிறகும் அந்தக் காட்சியை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். மேடையில் பெண்ணே வேண்டாம், ஒரு குரல் போதும் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் கடைசிக் காட்சியைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். சூப்பை எடுத்துவிட்டுச் சோறு போட்டேன். மற்றபடி ஒரு வரியையும் குறைக்கவில்லை. அந்தப் பேச்சு ஒருமுறையாவது என் கணவர் இருக்கிற ஹாலில் கேட்க வேண்டும். அவருக்குக் காது கேட்காவிட்டாலும் பரவாயில்லை, ஜனங்கள் முகத்தையாவது பார்ப்பாரல்லவா? அதுதான் என் ஆசை. சின்ன ஆசைதான், ஆனால் அந்த வருஷம் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அந்த ஆயுத பூஜைக்கு மறுபடியும் 'காது நாடகம்' என்று கிளப்பில் முடிவாகியிருந்தது. டைரக்டரிடம் தாள்களைக் கொடுத்தேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா அந்த அம்மா அதுக்குள்ள ரயிலுக்குப் போயிடுமே?"

"போகட்டும் சார். குரல் மட்டும் போதும். நான் சைடு திரைக்குப் பின்னால நின்னு பேசறேன். யாரும் என்னைப் பாக்கப் போறதில்ல."

கமிட்டியில் சலசலப்பு. ஸ்டாப் வீட்டுப் பெண்ணா? மேடையில்தானே ஏறக் கூடாது, திரைக்குப் பின்னால் நிற்பது மேடையா தரையா என்று வாதம் நடந்ததாம். தரைதான் என்று முடிவானது. "ஒங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்று மட்டும் சொன்னார்கள். காலையில் தோசை வைக்கும்போது கேட்டேன். அவர் சட்னியைத் தள்ளி வைத்துவிட்டுப் பொடிக்குக் கை நீட்டினார். சம்மதம் என்று போய்ச் சொல்லிவிட்டேன். வேறு யாராவது கதாநாயகியை ஸ்டேஷனில் விடட்டுமே, நீங்கள் ஹாலில் இருங்களேன் என்றும் அப்போதே சொல்லியிருந்தேன். பொடிக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டார்.

கதாநாயகி அன்று மதியம் வந்தாள். நாற்பதைத் தொட்ட பெண், முகத்தில் பவுடருக்கு அடியில் களைப்பு. ஒத்திகை முடிந்து அவள் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் ஒரு மூலையில் நின்று என் பகுதியைச் சொல்லிப் பார்த்தேன். அவள் கை சாதத்திலேயே நின்றுவிட்டது.

"இது எந்த நாடகத்துலக்கா?"

"இதே நாடகம்தான். நீங்க போன பிறகு வர்ற சீன்."

"நான் போன பிறகு நான் பேசறேனா?" என்றாள். பிறகு மெதுவாக, "எத்தனை ஊர்ல இந்தப் பொம்பளையா நடிச்சிருக்கேன். கடைசில என்ன ஆவுறான்னு எனக்குத் தெரியாதுக்கா. அம்மா வீட்டுக்குப் போறதோட என் வேலை முடிஞ்சுடும். இன்னிக்கு நான் இருந்து கேட்டுட்டுத்தான் போவேன். அடுத்த வண்டி வராமலா போயிடும்?" என்றாள்.

அவள் சொன்னபடியே செய்தாள். பையைத் தூக்கிக்கொண்டு "அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று வெளியே வந்தவள், நேராக என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆவது கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து நின்றுவிட்டது. யாரோ போய், அந்தம்மா இப்போது வரவில்லையாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் உள்ளே வருவார், கடைசி வரிசையிலாவது உட்காருவார் என்று நினைத்தேன். வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டில் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது. இத்தனையும் செய்து, ஒரு மரக்கதவு தூரத்தில் இழந்துவிட்டேனே. அதற்குள் டைரக்டர் எனக்குக் கை காட்டிவிட்டார்.

மேடையில் மைக் எல்லாம் முன்பக்கம் மேலிருந்து தொங்கும். சைடு திரைக்குப் பின்னால் நிற்கிறவள் குரல் அதற்கு எட்டாது. நல்லவேளை, அன்றைக்கு மில் ஓடவில்லை. என் சொந்தக் குரலில் பேசினேன். முதல் இரண்டு மூன்று வரிகளுக்குப் பின் வரிசையிலிருந்து "கேக்கலை, கேக்கலை" என்று கத்தினார்கள். பிறகு அவர்களும் அடங்கினார்கள். தாளில் எழுதியிருந்ததைத்தான் பேசினேன், ஆனால் பேசப் பேச அது வீட்டில் நான் பேசுகிற குரலாகவே ஆகிவிட்டது. சத்தம் கூட்ட வரவில்லை. தாசில்தாராக நடித்தவர் ஈஸிசேரில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் கதாநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்கு வந்தபோது என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சோறு ஆறுது. சாப்பிட வரீங்களா?"

திரை இழுப்பவன் இழுக்க மறந்து நின்றான்.

"வரேன்."

பக்கவாட்டுக் கதவுக்கு வெளியிலிருந்து வந்தது. சாதாரணமான, கொஞ்சம் கரகரத்த குரல். அதிகம் பேசாத மனுஷன்தான், ஆனாலும் அந்தக் குரலைக் காலனியில் தெரியாதவர் யார்? ஒரு கணம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் ஹால் வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கிளப் அதுவரை பார்த்ததில்லை. விசில், கைதட்டல். டைரக்டர் ஓடிவந்து, "என்ன மேடம், சார வேற செட் பண்ணி வச்சிருக்கீங்க! சொல்லவே இல்லையே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதாநாயகி மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் தோளில் ஒரு தரம் கை வைத்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டருக்குப் போனாள்.

நான் தனியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். பின் வரிசைக்கே எட்டாத குரல், ஒரு கதவுக்கு வெளியே இருந்தவருக்கு எட்டியிருக்கிறது. அப்படியென்றால் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்தவருக்கு எட்டாமலா இருந்திருக்கும்? தவலை, கடல், பக்கத்துப் படுக்கைக் குழந்தை, விட்டுட்டுப் போயிடலாம்னு நெனைக்கிறேன். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உடம்பு முழுக்கக் காந்தியது. இத்தனை வருஷமும் எனக்கு ஒரு துணை இருந்தது, அது அவருடைய செவிடு. அதுவும் அன்றைக்குப் போய்விட்டது.

அவர் வந்து கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். ரசம் கேட்டார். எனக்கும் கேட்கத் துணிச்சல் வரவில்லை. கேட்டு, ஆமாம், எல்லாமே கேட்டது என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் எப்படி நடமாடுவது?

மறுநாளிலிருந்து நான் பேசுவதை விட்டுவிட்டேன். வீம்புக்கு இல்லை. வாயைத் திறந்தால், கேட்கிற ஆளிடம் பேசுகிறோம் என்கிற நினைப்பு வந்து நாக்கு மடங்கிவிடும். தேவைக்கு மட்டும் இரண்டு வார்த்தை. கேஸ் தீரப்போகுது, சம்பளத் தேதி ஆச்சு, அவ்வளவே. மில் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. நான் பெரம்பலூருக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். வீடு அத்தனை அமைதியாக அதற்கு முன் இருந்ததே இல்லை. பக்கத்து வீட்டு அக்காகூட, "என்னம்மா, ஒங்க வூட்ல சத்தத்தையே காணோம்?" என்று சுவர் வழியாகக் கத்தினாள்.

மார்கழி பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் வந்து நின்றது தெரிந்தது. அவர் சமையலறைக்கு வருகிற வழக்கமே கிடையாது. ரொம்ப நேரம் நின்றார். பிறகு கேட்டார்.

"ஏன், இப்பல்லாம் நீ ஒண்ணுமே பேசறதில்ல?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டு, கையிலிருந்த தட்டைத் துலக்கிக்கொண்டே இருந்தேன்.